முடி போட்டால் பன்றி வராது

இன்று மாத்தளையில் ஒரு சலூனில் காத்திருந்தேன். நாலந்தாவில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், தரையில் விழுந்த முடியையெல்லாம் உரப்பையில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"காட்டுப்பண்ணி மரவள்ளிய விடமாட்டேங்குது சேர். வேலியோரமா முடி போட்டா வராதாமே, நெசமா?"

"வராது," என்றேன்.

"எப்படி சேர் இவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

அங்கே சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் பஞ்சத்தில் தேயிலைத் தோட்டத்தில் வேலை குறைந்தது, கடையில் மாவு இல்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நட்ட மரவள்ளிதான் எங்கள் ஆறு பேருக்கும் சாப்பாடு. அதையும் பன்றி தோண்ட ஆரம்பித்தது. அப்பா நாவிதரிடம் முடி கேட்டுப் போனார். அந்த மாதம் யாரும் முடி வெட்டிக்கொள்ளவில்லை. அவரிடம் இருந்தது சாவு வீடுகளில் மொட்டையடித்த முடி மட்டும்தான்.

அம்மா வாசலிலேயே மறித்தார். "எழவு வீட்டு முடிய திங்கிற கெழங்குக்குப் பக்கத்துல போடுறதா? தீட்டுங்க!"

"தீட்டு பாத்தா அடுத்த மொட்ட நம்ம வீட்டுலதான்," என்றார் அப்பா.

கடைசியில் அம்மாவே அதை வேலியோரம் தூவினார். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த பெரியவர் பசியில் இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவருடைய நான்கு மகன்களின் முடியும் அதில் இருந்தது.

பன்றி வரவில்லை. நாங்கள் ஆறு பேரும் பிழைத்தோம்.

பன்றியை விரட்ட வேறு வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். இதை இன்னொருவருக்குச் சிபாரிசு செய்ய நாக்கு கூசுகிறது.