நீலம் போட்ட தொப்பியும் பாலைவன மணலும்

காலை எட்டரை மணிக்குக் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் மாத்தளை பஸ்ஸில் ஏறினேன். அக்குறணைக்குப் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கணினிப் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன்.

“மிஸ், அது சீட்டுல இருந்தா அதுக்கும் டிக்கட். மடியில இருந்தா சும்மா,” என்றார் நடத்துநர். எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. கீழே மகாவலி பால் தேநீரின் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. அதற்கப்பால் மலையும் கடையும் மரமும் ஒரே பச்சையாகக் கரைந்திருந்தன. நான் போய்க்கொண்டிருந்ததோ ஒரு பாலைவனத்தைப் பார்க்க.

அது ரிஸ்வானாவின் கைபேசியில் இருந்தது. அவள் அக்குறணையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறாள். கணவர் பஸீல் சவூதியில் லொறி ஓட்டுகிறார். பாலைவனத்தை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் வீடு பார்த்துவிட்டு, அவளையும் மகளையும் அங்கே வரச் சொல்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போவதானால் கடையை மூட வேண்டும். அவர் அனுப்பிய படங்களிலோ மணல் பாசி பிடித்ததுபோல் பச்சையாக இருந்தது. பத்திரிகையில் பல வருடம் படங்களின் நிறத்தைத் திருத்தியவள் நான் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

“வடிவாக்க வாணாம் அக்கா. ஈக்கிற மாதிரியே காட்டுங்க. நான் அங்க பெய்த்து குடியிருக்கணுமே,” என்றாள்.

ஒன்பதே காலுக்குக் கடை மேசையில் கணினியைத் திறந்தேன். லொறியின் முன்கண்ணாடி வழியாக எடுத்த படம். பச்சை அந்தக் கண்ணாடியுடையது. அதை நீக்க, படத்தில் வெள்ளை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொருள் வேண்டும். அதைக் காட்டிக் கொடுத்தால், கணினி மற்ற நிறங்களை அதற்கேற்பச் சரிசெய்யும். ஸ்டியரிங்குக்கு முன்னால் பஸீலின் வெள்ளைத் தொப்பி கிடந்தது. அதைத் தொட்டேன்.

பச்சை மறைந்து, மணல் பொன்னாக எழுந்தது. திரையில் தெருவின் பிரதிபலிப்பு விழுந்திருந்தது. பொன்மேடுகளின் மேல் குடைகள் மெல்ல மிதந்து போயின.

“கலண்டர் மாதிரி ஈக்கி,” என்றாள் ரிஸ்வானா. பிறகு குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். “தொப்பியத்தானே தொட்டீங்க? அது நான் நீலம் போட்டுக் கழுவிக் குடுத்தது அக்கா. நீலம் கொஞ்சம் கூடியும் பெய்த்து!”

“இன்னும் நீலம் போகலையா?”

“எப்பிடிப் போகும்? அவர் தலையில போடுறதுமில்ல, கழுவுறதுமில்ல. நான் கழுவினது போயிருமாம். அப்பிடியே முன்னுக்கு வெச்சிட்டு ஓடுறார்.” சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்தாள்.

அந்த நீலத்தை ஈடுகட்டத்தான் பாலைவனம் முழுவதிலும் கணினி மஞ்சளைக் கொட்டியிருந்தது. இந்த முறை சாலையின் வெள்ளைக் கோட்டைத் தொட்டேன். பொன் வடிந்தது. மிஞ்சியது வெளிறிய மண், ரஸ்க்கை நொறுக்கித் தூவியதுபோல. வானம் ஏறக்குறைய வெள்ளை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மரமில்லை. தொப்பியில் மட்டும் மெல்லிய நீலம்.

“இதுதானா?” என்று கேட்டாள்.

“இதுதான்.”

அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். மணலை அல்ல, தொப்பியை. நான் படத்தைச் சேமித்து அவளது கைபேசிக்கு அனுப்பினேன்.

பதினொன்றரைக்குத் திரும்பும் பஸ் கிடைத்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மீண்டும் ஊர்ந்துகொண்டிருந்தபோது அவளது குரல்செய்தி வந்தது.

“அக்கா, வாறம்னு அவருக்குச் செல்லிட்டேன். அங்க நீலம் கிடைக்குமானு கேட்டா தெரியாதாம். இந்த மனுசன் அங்க என்னத்தப் பார்த்துக்கிட்டு ஈக்கிறாரோ! நான் ரெண்டு போத்தல் வாங்கிட்டேன்.”

மழை விட்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியின் ஆவியைக் கையால் துடைத்தேன். அப்போதும் வெளியே எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது.