லியோந்தி படுத்துக் கிடந்த நூற்றிருபது நாள்

லியோந்தி ப்ரியாகின் வானத்துக்குப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஆவலோடு படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்ட வேண்டாம். அவன் போகாமல் போனதில் என் கையும் உண்டு, அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் ரைசா. மாஸ்கோவின் ஓரத்தில் இருந்த ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் சிறுநீர் பரிசோதித்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன். விண்வெளிக்குப் போகிறவர்களின் உடம்பு அங்கே என்ன பாடு படும் என்பதைத் தரையிலேயே கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. மேலே எடை கிடையாது. சுமக்க ஒன்றும் இல்லாத எலும்பு மெல்லக் கரைய ஆரம்பிக்கும். தரையில் அதை வரவழைக்க வேண்டுமென்றால், ஆளைப் படுக்கப் போட்டு, தலைப்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, மாசக்கணக்கில் எழுந்திருக்க விடாமல் வைக்க வேண்டும். சாப்பாடு, குளியல், மற்றது எல்லாம் படுத்தபடியேதான்.

எண்பத்து மூன்றாம் வருஷம், பனி உருகும் சமயத்தில், ஆறு ஆண்களை நூற்றிருபது நாளுக்கு அப்படிப் போட்டோம். படுப்பதற்கு முன் ஆறு பேரும் கட்டில் விளிம்பில் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்தார்கள். ஊருக்குக் கிளம்பும்போது எங்கள் நாட்டில் எல்லா வீட்டிலும் அப்படி உட்காருவது வழக்கம்தானே. இவர்கள் எந்த ஊருக்கும் போகவில்லை, இருந்தும் உட்கார்ந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

லியோந்திக்கு அப்போது இருபத்தொன்பது வயது. வோலக்தா பக்கத்துக்காரன், ராணுவத்தில் விமான மெக்கானிக். விண்வெளி வீரர் படையில் சேர இரண்டு முறை மனுப் போட்டிருந்தான். இரண்டு முறையும் "காத்திருக்கவும்" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அப்புறம்தான் இந்தக் குறுக்கு வழி அவன் காதுக்கு எட்டியது. நூற்றிருபது நாளையும் குறையில்லாமல் முடிக்கிறவர்களைப் பெரிய மருத்துவக் குழு கூப்பிட்டுப் பார்க்கும். தேறினால் படையில் இடம் உண்டு. வேலையை விட்டுவிட்டு வந்து படுத்துவிட்டான்.

முதல் நாளே என்னிடம் ஆரம்பித்தான்.

"அம்மணி, தலை கீழே, கால் மேலே. இப்படி வௌவாலாட்டம் கிடந்தாத்தான் ராக்கெட்டுல ஏத்துவாங்களா?"

"வாயை மூடிட்டுப் படுங்க. வௌவாலு பேசாது."

"வௌவாலு ஜாடியில மூத்திரமும் பெய்யாதே!"

வார்டே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு 'ஜாடிக்காரம்மா' என்று பெயர். ஒரு சொட்டு விடாமல் அளக்க வேண்டும், அதுதான் என் உத்தரவு. சிந்திய சொட்டுக்காக நான் போட்ட சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகமாகும்.

தினம் காலை ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டர் சுற்றி வருவார். முழுப் பெயர் பிளத்தோன் குஸ்மிச், எல்லோரும் குஸ்மிச் என்றுதான் கூப்பிடுவோம். ஒவ்வொரு கட்டிலிலும் நின்று "புகார் உண்டா?" என்பார். "இல்லை" என்பார்கள். முதுகு வெந்து கிடப்பவனும் இல்லை என்பான். மூன்று நாளாக மலம் கழியாதவனும் இல்லை என்பான். இது விமானிகளிடமிருந்து ஒட்டிக்கொண்ட வழக்கம். அவர்களுக்கு டாக்டர் என்றால் இறக்கைகளைப் பிடுங்குகிற ஆள். விலா எலும்பு விரிசல் விட்டிருந்தாலும் சிரித்துக்கொண்டே, பறக்கலாம் என்று கையெழுத்து வாங்கிப் போவார்கள். எங்களுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே, உள்ளூர அதை ஆண்மை என்று மெச்சிக்கொண்டும் இருந்தோம். நாங்கள் எல்லோருமே அந்த அளவுக்குப் புத்திசாலிகள்.

ஆறு பேரில் மூன்று பேருக்கு ஒரு புது மாத்திரை கொடுத்தார்கள். எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையாமல் அது காக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் இந்த ஏற்பாடே. லியோந்தி மாத்திரைக் கூட்டத்தில் இருந்தான்.

தொண்ணூற்றேழாம் நாள் காலையில் நான் உள்ளே நுழையும்போது ரேடியோ காதைப் பிளந்தது. பக்கத்துக் கட்டில் ஸாவா, எதிர்க் கட்டில்காரனோடு வாயாலேயே சதுரங்கம் ஆடிக்கொண்டு, ஒவ்வொரு நகர்த்தலையும் சந்தைக்கடைக்காரன் போலக் கத்தினான். மற்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள். நடுவில் லியோந்தி துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது, கஞ்சிக் கிண்ணம் தொடாமல் இருந்தது. அவன் முனகல் வெளியே கேட்காமல் இருக்கத்தான் அத்தனை கூச்சல்.

ஒன்பதடித்தது. குஸ்மிச் வந்தார்.

"புகார்?"

"இல்லை."

"ஏம்ப்பா இப்படி வேர்க்குது?"

"கஞ்சி சூடு, குஸ்மிச்."

அவருக்கு ஒன்பதரைக்குக் கூட்டம். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான் ஜாடியை எடுத்துப் போனேன். இளஞ்சிவப்பாக இருந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ரத்த அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. எலும்பிலிருந்து கரைந்த சுண்ணாம்பு சிறுநீரகத்தில் கல்லாகிவிட்டது. மாத்திரை காக்கவில்லை. இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை, எனக்கே புரிந்தது. திரும்பி வந்து அவன் காதோரம் குனிந்தேன்.

"என்ன இது, லியோந்தி?"

"நேத்து பீட்ரூட் சாலட் போட்டீங்கல்ல..."

"பீட்ரூட்டு மைக்ராஸ்கோப்புக்குள்ள வட்டவட்டமா நீந்தாது."

கண்ணை மூடிக்கொண்டான். அதுவரை என்னை 'நீங்க' என்றவன், முதல் முறையாக ஒருமைக்கும் செல்லப் பெயருக்கும் மாறினான்.

"ராயா, எழுதாதே. இன்னும் இருபத்து மூணு நாள்தான். எழுதினா இன்னிக்கே தூக்கி உட்கார வெச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மூணாவது தடவை மனு எழுத எனக்குத் தெம்பு இல்ல."

"வலி?"

"வலிக்கட்டும். நான் என்ன எழுந்து ஓடவா போறேன்?"

வார்டு என்னையே பார்த்தது. ரேடியோவைக்கூடக் குறைத்துவிட்டார்கள். நான் பதிவேட்டைத் திறந்து, 'நிறம்: பீட்ரூட்டினால். அணுக்கள்: இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வார்டில் ஐந்து பேர் மூச்சு விட்டது கேட்டது. ஆறாவது ஆள் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். அவனை எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். முப்பத்தெட்டு வயது, விவாகரத்தானவள், தினமும் ஒருவன் என்னைச் சிரிக்க வைத்தான். வேறு தத்துவம் ஏதும் இல்லை. தினம் எத்தனையோ பேர் இல்லை, இல்லை என்று சொன்ன அதே இடத்தில் நானும் ஒருமுறை 'இல்லை' என்றேன்.

அதிலிருந்து மூன்றாம் நாள், மிளகில் பாதியளவு கல் ஒன்று ஜாடியில் டிங் என்று விழுந்தது. பிள்ளை பெற்றவன் மாதிரி அவன் முகம் மலர்ந்தது. பஞ்சில் சுற்றிக் குப்பையில் போட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம். ஒரு கல் இருந்த இடத்தில் இன்னொன்று இருக்கலாம் என்று சோதனைக்கூடத்தில் உட்கார்ந்து நரைத்த எனக்குத் தோன்றவேயில்லை.

நூற்றிருபத்தோராம் நாள் எழுப்பி நிறுத்தினார்கள். உள்ளங்காலில் ஆணி குத்துகிறது என்று கத்தினான், இரண்டு பேர் தாங்கியும் மயங்கினான், தெளிந்ததும் "பெரிய குழு எப்ப?" என்றான். மாத்திரை தின்ற மூன்று பேரின் பதிவும் சுத்தமாக இருந்தது என்று குஸ்மிச் அறிக்கை எழுதினார். நிலையத்துக்கே பாராட்டு வந்தது, மேலே போகிறவர்களுக்கும் அந்த மாத்திரையைக் கொடுப்பது என்று முடிவானது. கோன்யாக் மது பாட்டில் திறந்தார்கள், நானும் ஒரு கிளாஸ் குடித்தேன்.

பெரிய குழு ஆறு வாரம் கழித்துக் கூப்பிட்டது. இதயம், காது, சுழல் நாற்காலி, எல்லாவற்றிலும் தேறினான். கடைசியாக எக்ஸ்ரே. இடது சிறுநீரகத்தில் கல். தகுதியில்லை, நிரந்தரமாக.

அன்று மத்தியானம் குஸ்மிச்சை நடைவழியில் பிடித்தேன். அவருக்கும் வருத்தம்தான்.

"நல்ல பையன், ரைசா. ஆனா விதிமுறை அப்படி. கட்டில்ல கிடந்தப்ப வந்த கல்லுன்னா அது சோதனையோட குத்தம். நாமளே வைத்தியம் பார்த்து, ஒரு வருஷம் பொறுத்து மறுபடி குழுவுல நிறுத்தியிருப்போம். பதிவேடு சுத்தமா இருக்கே. அப்போ கல்லு முன்னாடியே இருந்திருக்கு, படுக்கறதுக்கு முன்னாடி எடுத்த எக்ஸ்ரேல தப்பிடுச்சு. கல்லு கட்டற உடம்பு. அவனை எப்படி மேலே அனுப்பறது?"

அவன் எதற்குப் பயந்து வாயை மூடினானோ அது மூன்றாவது மனு, அதை நாங்களே எழுதிக் கொடுத்திருப்போம். அங்கேயே, சுவரில் சாய்ந்துகொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பீட்ரூட், அணுக்கள், பஞ்சில் சுற்றிய கல். குஸ்மிச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"சரி, இப்ப என்ன பண்ணச் சொல்றே? வலியை மறைச்சவன்னு குழுவுக்கு எழுதட்டுமா? மேல போயும் மறைப்பான்னு இன்னும் கெட்டியாக் கதவைச் சாத்துவாங்க."

"மாத்திரை அறிக்கையையாவது..."

"அது மேலிடத்துக்குப் போயாச்சு. இயக்குநர் கையெழுத்து இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "நீ என்கிட்ட எதுவும் சொல்லல. நான் எதுவும் கேட்கல. வீட்டுக்குப் போம்மா."

போனேன். மறுநாள் வேலைக்கும் வந்தேன். வேறு எங்காவது போய்க் கத்தியிருக்கலாம், கத்தவில்லை.

லியோந்தியிடம் சொன்னபோது அவன் கோபப்படவில்லை. "அப்படியா, ஒரு வருஷம் பொறுத்தா போதுமாயிருந்துச்சா?" என்று இரண்டு முறை கேட்டான். அப்புறம் மூன்று மாசம் யாரிடமும் பேசவில்லை என்று ஸாவா சொன்னான். பழைய வேலை போயிருந்தது. டிராலிபஸ் பணிமனையில் சேர்ந்தான். கல்யாணம் செய்தான், நிலைக்கவில்லை. கரைந்த எலும்பு அவனுக்கு மட்டும் முழுசாகத் திரும்பவே இல்லை. முப்பத்தெட்டில் மணிக்கட்டு, நாற்பத்து மூன்றில் முதுகெலும்பு. நாற்பத்தேழில், வீட்டு வாசல் ஐஸில் சாதாரணமாகச் சறுக்கி, இடுப்பு உடைந்தது. சோதனையில் வந்த ஊனம் என்று ஒரு சான்று வாங்கப் பார்த்தோம். நான் சாட்சி எழுதிக் கொடுத்தேன். உன் பழைய கையெழுத்தை நம்புவதா, புதுக் கையெழுத்தை நம்புவதா என்று கேட்டார்கள். பழையதைத்தான் நம்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆப்பிளும் தயிரும் கொண்டுபோவேன். கடைசியாகப் போன ஞாயிறும் மல்லாந்துதான் கிடந்தான், இந்தக் கட்டிலில் தலைப்பக்கம் உயர்ந்திருந்தது. அந்த வாரமே நிமோனியா பிடித்துப் போய்விடுவான் என்று அப்போது தெரியாது.

"ராயா, அந்த மாத்திரையை மேல போறவங்களுக்கு இன்னும் குடுக்கறாங்களா?"

"குடுக்கறாங்க."

"அதைத் தின்னுட்டுப் போனவங்கள்ல யாருக்காவது வலி வந்துச்சா?"

மேலே போய் வந்தவர்களின் பதிவேடுகளை மனதுக்குள் புரட்டினேன். அத்தனையும் என் கையெழுத்தோ, எனக்குப் பின் வந்த பெண்களின் கையெழுத்தோதான்.

"வந்ததா எழுதலை."

"எழுதலையா, வரலையா?"

தெரியாது என்றேன். பொய்யில்லை, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்கென்று நாட்டில் போட்டிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான்தான்.