முழங்கால் அளவு தண்ணீர்

நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். படித்தவர்கள் ஒரு வேலை சொன்னால், என் பங்குக்குக் கொஞ்சம் கூட்டிச் செய்தால்தான் எனக்கு நிம்மதி. குறைத்துவிட்டேனோ என்கிற பயம் அப்படி.

பட்டர்வொர்த்துக்கு வடக்கே, கடலோர இறால் பண்ணையில் காவலும் மோட்டாரும் என் பொறுப்பு. ஜார்ஜ் டவுனிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளோடு பெர்ரி ஏறுவேன். பாதிக் கடலில் மனைவிக்குப் போன் போட்டு, அடுப்பை அணைத்தாயா என்று கேட்பேன்.

பண்ணையில் ஒரு குளத்தில் முதலாளி இறால் வளர்ப்பதை நிறுத்தியிருந்தார். கடல் வற்றும்போது சேற்றில் இரை பொறுக்கும் உள்ளான், உப்புக்கொத்திப் பறவைகள், கடல் ஏறிச் சேறு மூழ்கியதும் அந்தக் குளத்துக்குத்தான் வரும். சுற்றுக் கரையையெல்லாம் மண் கொட்டி மூடியாகிவிட்டது. நிற்க வேறு இடமில்லை. மாதம் இருமுறை பறவைகளை எண்ண வரும் அக்கா, ஒரு கிளினிக்கில் தாதி, முதலாளியிடம் பேசி அந்தக் குளத்தை அப்படியே விட வைத்திருந்தார். குளம் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் விட்டிருந்தார்.

தைப்பூசம் கழிந்தும் மழை இல்லை. குளத்தின் ஓரம் வெடிப்பு விட்டது. எனக்குத் தூக்கம் போயிற்று. சைபீரியாவிலிருந்து வருகின்றனவாம்; அவ்வளவு தூரம் பறந்து வந்தவை இந்த வறட்சியில் நிற்கின்றனவே என்று. ஒரு நாள் அவை சேற்றுக்குக் கிளம்பிய பிறகு மோட்டாரைப் போட்டுக் கடல்நீரை ஏற்றினேன். சாயங்காலத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மனம் நிறைந்து வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் கடல் ஏறியதும் பறவைகள் வந்தன. தாழப் பறந்து, காலை நீட்டி, இறங்காமலே எழும்பின. உதறிய துணிபோல மொத்தக் கூட்டமும் திரும்பும். வெளுக்கும், பழுப்பாகும், மறுபடி வரும். என்னைக் கண்டு பயமோ என்று கொட்டகைக்குள் ஒளிந்தேன். அப்போதும் இறங்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன்.

"தம்பி, அது வாத்து இல்லலா. கால் நனைய நின்னு தூங்குற ரகம். அதோட காலு உங்க சுண்டுவிரல் நீளம்தான்."

மதகைத் திறக்கட்டுமா என்றேன். வெளியே கடல் உயர்ந்திருக்கையில் திறந்தால் இன்னும் உள்ளேதான் வரும் என்பது எனக்கே தெரியும், இருந்தும் கேட்டேன். கடல் இறங்கட்டும் என்றார். மூன்று மணி நேரம் அவை காற்றிலேயே கிடந்தன. நான் கீழே நின்றேன்.

கடல் இறங்கியதும் மதகுப் பலகைகளை ஒவ்வொன்றாக உருவினேன். என் கணுக்கால்கூட முழுகாத அளவுக்கு வந்ததும் நிறுத்தினேன். நேற்று வரை நம்பி வந்த இடம். இனி வருமா?

மறுநாள் அக்கா விடுப்பு எடுத்து வந்தார். வரம்புக்குப் பின்னால் குந்தியிருந்தோம். கடல் ஏறியது. முதலில் நாலைந்து, பிறகு அவ்வளவும், ஓசையில்லாமல் இறங்கி, அலகை முதுகுச் சிறகில் செருகிக்கொண்டன. ஓரத்தில் ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. முந்தின நாள் அலைச்சலில் ஒரு கால் போய்விட்டதோ என்று மெல்லக் கேட்டேன்.

"தூங்குது தம்பி," என்றார் அக்கா. "நீங்களும் கொஞ்சம் சாயுங்க. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு."

நான் சாயவில்லை. அது இன்னொரு காலையும் ஊன்றும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.