அளக்காமல் இட்ட அளவு

நான் அளக்கவில்லை. அளந்தேன் என்று சொன்னேன். ஒருவர் இறந்துபோனார்.

இதைக் கேட்டதும் என்னைக் கைராசி இல்லாத மருத்துவன் என்று நினைத்துவிடாதீர்கள். தஞ்சாவூரில் தீவிர சிகிச்சைப் பிரிவை நடத்துகிறவன் நான். இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது என்று எக்கோ ஸ்கேனில் கணக்கிடுவதில் எனக்கு நிகர் நான்தான்... அந்தக் கர்வம் இன்னும் குறையவில்லை!

கணக்கு எளிது. வாய்க்காலின் அகலமும் நீரின் வேகமும் தெரிந்தால், எவ்வளவு தண்ணீர் பாய்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா? இதயத்திலிருந்து இரத்தம் வெளியேறும் வாசலுக்கும் அதே கணக்குத்தான். நோயாளிகளின் வீட்டாருக்கு இப்படித்தான் விளக்குவேன். டெல்டாக்காரர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு விவசாயியைக் கொண்டுவந்தார்கள். நடவு வயலில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல். இரத்த அழுத்தம் அதலபாதாளத்தில். அவருக்கு மேல்மூச்சு வாங்கியதில் எக்கோ படம் அசைந்துகொண்டே இருந்தது. வேகம் கிடைத்தது, அகலம் பிடிபடவில்லை. இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாமே... ஏன் முயலவில்லை? எல்லோருக்கும் இருக்கிற அளவுதானே என்று கருவியில் வழக்கமான எண்ணைத் தட்டினேன். இதயம் நன்றாகவே இறைக்கிறது என்றது கருவி.

வெளியே வந்து அவர் மனைவி செல்வியிடம், "அளந்து பாத்துட்டேம்மா. ஹார்ட் நல்லா இருக்கு. சலைன் ஏத்துனா பிரஷர் வந்துடும்" என்றேன்.

"செய்ங்க டாக்டர். ஒங்களத்தான் நம்பியிருக்கோம்."

ஏற்றினேன். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. பதறிப்போய் மறுபடி எக்கோ வைத்தேன். இம்முறை பொறுமையாகத் தேடினேன், அகலம் தெரிந்தது. நான் தட்டிய எண்ணைவிடக் குறுகல்! அகலத்தில் சிறு பிழை என்றால் விடையில் பெரும் பிழை... மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறவனே நான்தான். அந்த இதயம் முன்பே தளர்ந்திருந்தது. அதன்மேல் நான் மடையைத் திறந்துவிட்டிருந்தேன். அவர் பிழைக்கவில்லை.

"காய்ச்சல் ஹார்ட்டையும் தாக்கிடுச்சும்மா" என்று செல்வியிடம் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் அது முழு உண்மையா? நீங்களே சொல்லுங்கள்.

சென்ற மாதம் செல்வி மறுபடி வந்தார், மூச்சுத்திணறலில் தவித்த தம்பியோடு. தம்பியின் மனைவி வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாளாம், செல்வி கேட்கவில்லையாம். என் எதிரிலேயே அவளைத் தட்டிக்கொடுத்தார்.

"பயப்படாத. எங்க வீட்டுக்காரர கடைசி வரைக்கும் கைவிடாம பாத்தவரு இவருதான்!"

உண்மை வாய்வரை வந்தது...

"உள்ள கூட்டிட்டு வாங்க" என்றேன்.