வேலாயி ஒட்டிய செம்பாசி

"நான் ஒட்டுனது தாளை விட்டு எந்திரிக்காது. சாமியே வந்து இழுத்தாலும் வராது."

பதினெட்டு வருடங்களாக இப்படிப் பிரகடனம் செய்துவந்தவர் ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டத்து வேலாயி. கண்டியை அடுத்த பேராதனையில் ஆய்வுகூடம் ஒன்றில், காய்ந்த தாவரங்களைத் தாளில் பதித்துப் பாதுகாக்கும் அறையின் ஊழியர். கண்டிக்குக் கடல் கிடையாது. ஒரு வாவியைக் கொடுத்துச் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஆகவே கடற்பாசித் துறை, கடலையே பார்த்திராத வேலாயியிடம் ஒப்படைக்கப்பட்டதில் வியப்பில்லை.

தட்டில் உப்புநீர், நீருக்குள் தாள், தாளின்மேல் பாசி. தூரிகையால் கிளை கிளையாக விரித்து, அப்படியே தூக்கி, பழைய சேலைத் துணியால் மூடி அழுத்த வேண்டும். பசை வேண்டாம், பாசி தன் பிசினாலேயே ஒட்டிக்கொள்ளும். உதிர்வதைப் போட்டுவைக்க ஒவ்வொரு தாளிலும் ஒரு சிறு உறை உண்டு. வேலாயியின் உறைகள் அத்தனையும் காலி. வருகிறவர்களுக்கெல்லாம் அவற்றைத் திறந்து காட்டுவார்.

மகள் நிரோஷினி பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தாள். வெலிகமைக் கடற்கரைக்குப் போய், விரல் நீளம்கூட இல்லாத ஒரு செம்பாசியைக் கடல்நீரோடு போத்தலில் கொண்டுவந்தாள்.

"என்னடி, கொழுந்து கிள்ளுன மாதிரி இத்தனூண்டு?"

"பொம்பளப் பாசிம்மா. ஆம்பள வித்துக்கு வாலு இல்ல, நீந்தத் தெரியாது. தண்ணி கொண்டுபோய் விட்டாத்தான் உண்டு."

"ஒங்கப்பன் மாதிரி."

"இந்த ஓரக் கிளையில முண்டு தெரியுதா? அதான் புள்ள. அம்மா ஒடம்புலயே ஒட்டித் தின்னு வளரும்."

"அது நீதான்" என்று சொல்லிக்கொண்டே ஒட்டினார் வேலாயி. 'சேகரித்தவர்: ச. நிரோஷினி' என்று மகளே சீட்டு எழுதினாள்.

போன கார்த்திகை மழையில், வேலாயி வேலைக்கு வந்திருந்த ஒரு காலையில், ஹந்தானை மலை மண் சரிந்து, அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளின்மேல் இறங்கியது. நிரோஷினி உள்ளே இருந்தாள். சட்டை, கொப்பி, சீப்பு எதுவும் மிஞ்சவில்லை.

பதினேழாம் நாள் வேலைக்குத் திரும்பிவந்த வேலாயி, தினமும் அந்தச் செம்பாசித் தாள் இருந்த அலுமாரியை மட்டும் துடைத்தார். அவ்வளவு சுத்தமான அலுமாரி இலங்கை அரச சேவையிலேயே வேறு இருந்திருக்காது.

மாசியில், பொறுப்பாளர் துஷ்யந்தி தயங்கித் தயங்கி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"அக்கா, நிரோஷினியின்ர பாசி புது இனமா இருக்குமெண்டு வெளிநாட்டில பாக்கக் கேட்டிருக்கினம். அனுப்பினா அங்கயே வச்சிருப்பினம். எங்களிட்ட இருக்கிறது இது ஒண்டுதான்."

"அவ பேரு இருக்குமா?"

"ஓம். சீட்டோடதான் போகும்."

"அப்ப போகட்டுங்க மெடம்."

மறுநாள், பொதி கட்டுமுன் துஷ்யந்தி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரக் கிளை இருந்த இடத்தில் மங்கிய சிவப்புத் தடம் மட்டும். முண்டோடு கிளையைக் காணோம். உறைக்குள்ளும் இல்லை.

"அக்கா, இதில ஒரு கிளை..."

வேலாயியின் விரல் நுனிகள் ஈரமாக இருந்தன. அவர் காய்ந்த துணியால் அலுமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கழண்டுருச்சுங்க மெடம்" என்றார். "நான் சரியா ஒட்டல."