பெட்ரோல் மூடியைத் திறந்த கை

என்னிடம் தொழில் பழகும் மக்களே, அன்று பட்டம் என்ற ஜங்ஷனைத் தாண்டியதும் கார் நின்றது. மணி காலை ஒன்பதே முக்கால். பின்சீட்டில் கோமதி அக்கா காலை நீட்டிப் படுத்திருந்தார். இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவர், ஆட்டோவில் உட்கார முடியாது. பத்தரைக்குள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் கட்டிலில் இருக்க வேண்டும். முந்தின முறை இதே கார் வழியில் நின்று, அவருடைய நேரம் தப்பிப்போனது. கால் வீங்கி, மூச்சு வாங்கியது. இன்னொரு தடவை தப்பக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஓட்டியது நான். பக்கத்தில் அவர் கணவர் நாகலிங்கம் அண்ணாச்சி.

"சரியாக்கிட்டேன்னு சத்தியம் பண்ணினீரே வே!"



அது அண்ணாச்சி செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய கார்புரேட்டர் கார். அரைமணி நேரம் ஓடினால் இழுவை குறைந்து நின்றுவிடும். கரமனையில் என் ஒர்க்‌ஷாப்பிலிருந்து நான் போய்ப் பார்த்தால், கொஞ்ச நேரத்தில் ஸ்டார்ட் ஆகிவிடும். இக்னிஷன் காயில்தான் சூடேறிச் செயலிழக்கிறது என்று நினைத்து அதை மாற்றினேன். மறுபடி நின்றது. பெட்ரோல் பம்பை மாற்றினேன். கழக்கூட்டம் வரை ஓட்டி, பாதி வழியில் பெட்ரோல் அடித்துக்கொண்டு திரும்பினேன். நிற்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் அன்று நானே ஓட்டி வந்தேன்.

பின்னால் பஸ்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். "வண்டி மாற்றெடோ!" என்று, நகர்த்தச் சொல்லி மலையாளத்தில் கத்தினார்.

தள்ளி ஓரம் கட்டினோம். நான் நேராகப் பின்பக்கம் போய் பெட்ரோல் மூடியில் கை வைத்தேன். பழைய காரில் பெட்ரோல் அளவு காட்டும் கேஜ் பொய் சொல்லும். அதனால் நின்ற வண்டியில் முதலில் மூடியைத் திறந்து பார்ப்பது என் வழக்கம்.

"தம்பி, நில்லு," என்றார் கோமதி அக்கா உள்ளிருந்து. மூச்சு விட்டு விட்டுப் பேசினார். "போன தடவ நீ அதத் திறக்கச்சில என் தலைமாட்டுல உஸ்ஸுனு காத்து உள்ள போச்சு. அது என்னது?"

ரோட்டு இரைச்சலில் எனக்கு அது கேட்டதே இல்லை. கையை எடுத்தேன். மூடியைத் தொடாமல் வந்து செல்ஃப் அடித்தேன். எடுக்கவில்லை. காத்திருந்து மறுபடி அடித்தேன். இல்லை.

"என்னவே பரிசோதனை பண்ணுதீரு? நேரம் போவுது! அவ மொகத்தப் பாரும்!"

"ரெண்டே நிமிசம் அண்ணாச்சி."

 இறங்கிப் போய் இப்போது மூடியைத் திறந்தேன்.

"உஸ்ஸுங்குது!" என்றார் அக்கா.

செல்ஃப் அடித்தேன். இரண்டு முறை இருமி, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். யாரோ மாட்டிவிட்ட வேறு மூடி. காற்று போகும் ஓட்டை அதில் இல்லை. பெட்ரோல் குறையக் குறைய டேங்கில் காற்று நுழைய வழியில்லாமல், பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. திறந்தால் காற்று புகும், கோளாறு போய்விடும். கழக்கூட்டம் போன அன்றும், பெட்ரோல் அடிக்க மூடியைத் திறந்ததால்தான் வண்டி நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கோளாறைத் தேடப் போன என் கையே அதை மறைத்திருக்கிறது.

மூடியை இறுக்காமல் லேசாக வைத்து ஓட்டினேன். பத்து இருபத்தைந்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள்.

"அண்ணாச்சி, நான் மாத்திப்போட்ட பழைய காயிலும் பம்பும் நல்லாத்தான் இருந்திருக்கு. தப்பு என் மேலதான்."

"எங்கிட்ட என்ன சொல்லுதீரு? படுத்திருந்தவகிட்ட சொல்லும்."

நாலு மணி நேரம் கழித்துச் சொன்னேன். அக்காவுக்கு முகம் தெளிந்திருந்தது.

"ஒரு மூடிக்கா என்னய இந்தப் பாடு படுத்தின? போட்டும், இனிமேலாவது வண்டியில இருக்கவங்ககிட்ட ஒரு வார்த்த கேளு."

மக்களே, நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும் இதை நினைவில் வையுங்கள். கோளாறு தானாகச் சரியானால் சந்தோஷப்பட்டு எழுந்துவிடாதீர்கள். அதற்கு முன் நம் கை எதைத் தொட்டது என்று பாருங்கள். ஏன் சரியானது என்று சொல்லத் தெரியாதவரை, அந்த வண்டியில் ஒரு நோயாளியை ஏற்றாதீர்கள்.