போத்தலில் ஒட்டிய முகம்

நானும் என் தங்கையும் பீடோங் ஞாயிற்றுச் சந்தையில் நெத்திலி சம்பல் விற்க ஆரம்பித்தபோது, போத்தலில் வெள்ளைத் தாளை ஒட்டி, பேனாவால் பெயர் எழுதி வைத்திருந்தோம். வந்தவர்கள் அதைப் பார்க்காமலேயே பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அங்கே பளபளவென்று படம் போட்ட போத்தல்கள் இருந்தன.

"படம் இல்லாம யாரு வாங்குவா அக்கா? நாமளும் போடுவோம் லா" என்றாள் தங்கை.

சுங்கை பட்டாணியில் ஓர் அச்சுக்கடையில் லேபிள் அடிக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கிண்ணத்தில் சம்பலை வைத்துப் படம் எடுத்தாள். இருந்த படங்களையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். அவற்றுள் ஒன்று, அன்று என் கணவர் சம்பலை ருசி பார்த்தபோது அவள் விளையாட்டாக எடுத்தது.

என் கணவர் அரசாங்க அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். பேப்பர் வாங்கப் போவதற்குக்கூடச் சட்டையை இஸ்திரி போடுவார். அந்தப் படத்திலோ விழி பிதுங்கி, முகம் சிவந்து, வாயைப் பிளந்து, தண்ணீர் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் லேபிள் சுருளைப் பிரித்தோம். ஒவ்வொரு லேபிளிலும் என் கணவர் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்.

தங்கை பதறிப்போய் அச்சுக்கடைப் பெண்ணுக்கு போன் போட்டாள். "எல்லாத்தையும் அனுப்புனீங்க, இதுதான் நல்லா இருந்துச்சு. அதான் போட்டேன் கா" என்றாள் அவள், பாராட்டை எதிர்பார்க்கும் குரலில்.

விடிந்தால் சந்தை. வேறு வழியில்லை. வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே ஒட்டினோம். அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் முதலில் வந்த மலாய் அம்மா போத்தலைக் கையில் எடுத்தார். "அடோய்! பெடாஸ் சங்காட் கா?" அவ்வளவு காரமா என்று கேட்டுச் சிரித்தவர், தோழியையும் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் எங்களுக்கு நிமிர நேரமில்லை. கூலிம் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் போத்தலைப் பிடித்துக்கொண்டு, அதே மாதிரி வாயைப் பிளந்து செல்ஃபி எடுத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் பேப்பரும் கையுமாக வந்தார். மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்த ஒருவர் கத்தினார்: "அண்ணே! போத்தல்ல இருக்குறது நீங்கதானே?"

அவர் ஒரு போத்தலை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். நான் மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடல்லையே" என்றார்.

"உண்மையிலயே அவ்வளோ காரமா அண்ணே?" மோட்டார்க்காரர் விடவில்லை.

"சும்மா விளம்பரம் தம்பி. சாதாரணக் காரம்தான்." அதை நிரூபிக்க மூடியைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்து, கம்பீரமாக வாயில் போட்டார். கொஞ்சம் மென்றார். கண் பிதுங்கியது. முகம் சிவந்தது. வாய் திறந்தது. கை என் பக்கம் நீண்டது.

சந்தையே வெடித்துச் சிரித்தது. "சமா! சமா!" அதே மாதிரி என்று அந்த மலாய் அம்மா கைதட்டினார். நான் தண்ணீர் கொடுக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தங்கை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரோ நீட்டிய தண்ணீரைக் குடித்து முடித்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த தடவை அவரே அச்சுக்கடைக்குப் போய், டை கட்டிய படம் ஒன்றைக் கொடுத்து லேபிள் அடித்து வந்தார். "இது என்ன, இன்சூரன்ஸா?" என்று கேட்டுவிட்டு எல்லாரும் நகர்ந்தார்கள். பழைய முகமே திரும்பி வந்தது.

இப்போது கூலிமில் ஒரு மளிகைக் கடையிலும் எங்கள் சம்பல் இருக்கிறது. போன வாரம் அரிசி வாங்க அங்கே போனோம். இவரைக் காணோமே என்று தேடினேன். அலமாரி முன்னால் நின்று, சுவரைப் பார்த்திருந்த போத்தல்களை ஒவ்வொன்றாக முன்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.